முன்னனுபவம் இன்றி மேடை கண்ட மேதை: பம்மல் சம்பந்தனார்

முன்னுரை

முத்தமிழ் என்று பெருமிதத்துடன் பேசுகிறோம். ஆயினும் இயலுக்கும் இசைக்கும் கிடைத்த மதிப்பு, நாடகத்திற்கு எல்லாக் காலத்தும் கிடைத்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடிகன் என்றால் கூத்தாடி என்று இகழ்ந்தனர். கற்றோர் மேடைப்பக்கம் எட்டிப் பார்க்கவும் கூசினர். அந்தச் சூழலில், நடிப்பில் எவ்வித முன்பயிற்சியும் இல்லாத 18 வயது இளைஞர் ஒருவர் நாடக சபை ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்பட்ட பம்மல் விசயரங்க சம்பந்த முதலியார் அவர்களே அந்த இளைஞர். நடிக்க விரும்பியும் எங்கிருந்து தொடங்குவது என்று அறியாது நிற்கும் இளைஞர் இன்றும் பலர். அவர்களுக்குச் சம்பந்தனாரின் வாழ்வு எதைக் கற்பிக்கிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

இரு வாயில்கள்

அக்காலத்தில் நடிகனாவதற்கு இருந்த வழி, சிறுவயதிலேயே ஒரு தொழில்முறைக் குழுவில் சேர்வதே ஆகும். ஆசிரியர் சொல்லித்தரும் பாடல்களை மனப்பாடம் செய்து, சிறு வேடங்களில் தொடங்கிப் படிப்படியாக உயர வேண்டும். இம்முறை பின்னர்ப் பாலர் குழுக்களில் முழுமை பெற்றது. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இதற்குச் சிறந்த சான்றாகும். குருகுலம் போன்ற கட்டுப்பாடும், பாட்டுப் பயிற்சியும், ஓயாத மேடை அனுபவமும் அங்குக் கிடைத்தன.

சம்பந்தனாருக்கு இந்த வாயில் திறந்திருக்கவில்லை. 1873இல் பிறந்த அவர், கல்வித்துறையில் பணியாற்றிய விசயரங்க முதலியாரின் மைந்தர். சென்னையில் ஆங்கிலக் கல்வி பயின்றவர். நாடகக் குழுவொன்றில் சேர்வது அவர் போன்ற குடும்பத்துப் பிள்ளை எண்ணிப் பார்க்கக்கூடிய செயலன்று. அவருக்கும் அன்றைய தமிழ் நாடகங்களின்மீது நாட்டம் இருந்ததில்லை, வெறுப்பே இருந்தது. இத்தகையவர் நாடகத்திற்கே தம் வாழ்நாளை அளித்தது வியப்பன்றோ?

தூண்டுகோல்

1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பார் தலைமையில் ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அவர் தொழிலால் வழக்கறிஞர். அவருடன் நடித்தவர்களும் கற்றறிந்தோர். கூலிக்காக அன்றிக் கலைக்காக மேடையேறியவர்கள். அந்நாடகங்களைக் கண்ட சம்பந்தனாரின் உள்ளத்தில் பெருமாற்றம் நிகழ்ந்தது. கற்றோரும் நடிக்கலாம், நடித்தும் மதிப்புடன் வாழலாம் என்பதை அவர் கண்ணாரக் கண்டார். தெலுங்கில் இயல்வது தமிழில் ஏன் இயலாது என்ற வினா அவருள் எழுந்தது.

வினாவோடு அவர் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், நண்பர் சிலருடன் கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். மனோன்மணீயம் அச்சேறிய ஆண்டும் 1891 என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சுந்தரம் பிள்ளை படிப்பதற்குரிய நாடகக் காப்பியம் ஒன்றைத் தமிழுக்குத் தந்த அதே ஆண்டில், நடிப்பதற்குரிய நாடகத்திற்கு ஒரு புதிய களம் அமைந்தது.

தொடக்கநிலைத் தொல்லைகள்

சபை அமைத்தாயிற்று. நாடகம் எங்கே? தம் நோக்கத்திற்கு ஏற்ற நாடக நூல்கள் கையில் இல்லாத நிலையில், சம்பந்தனார் தாமே எழுதத் துணிந்தார். புஷ்பவல்லி என்னும் நாடகம் அவ்வாறு உருவாயிற்று. நடிகர்கள் எங்கே? உடன் படித்தோரும் நண்பருமே நடிகராயினர். அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர் யார்? அப்பொறுப்பையும் அவரே ஏற்றார். தாம் கற்றுக்கொண்டே பிறருக்குக் கற்பித்தார் என்பதே பொருந்தும்.

அன்றைய மேடையில் பாட்டே கோலோச்சியது. நல்ல குரல் வளம் இல்லாதவன் நடிகனாவது அரிது. சம்பந்தனாரோ பாடகராகப் புகழ் பெற்றவர் அல்லர். எனவே அவர் உரைநடையை நாடகத்தின் உயிராக்கினார். பாத்திரத்தின் மனநிலையைப் பேச்சாலும் முகக்குறிப்பாலும் உடல் அசைவாலும் உணர்த்தும் நெறியை வளர்த்தார். இரவு முழுதும் நீண்ட நாடகத்தைச் சில மணி நேர அளவுக்குள் சுருக்கினார். ஒத்திகைக்கு முதன்மை தந்தார். தொழில்முறை மேடையில் குறையாகக் கருதப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, புதுநெறி ஒன்றுக்கு வழிவகுத்தது என்று நாம் கருதுகிறோம்.

சபை தோன்றிய நான்காண்டுகளில், 1895இல், மனோகரா உருவாயிற்று. சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனோகரன் கட்டுகளை அறுத்தெறியும் காட்சி மக்களின் நெஞ்சில் நிலைத்தது. அந்நாடகத்தைத் தொழில்முறைக் குழுக்களும் விரும்பி நடித்தன. எந்த வாயில் அவருக்கு அடைபட்டிருந்ததோ அந்த வாயிலின் உள்ளேயே அவர் நாடகம் சென்று புகழ் கொண்டது. 1954இல் அது சிவாஜி கணேசன் நடித்த திரைப்படமாகவும் வெளிவந்து மீண்டும் புகழ் ஈட்டியது.

தொழிலும் கலையும்

சம்பந்தனார் நாடகத்திற்காகக் கல்வியைக் கைவிடவில்லை. சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பின்னாளில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கினார். பகலில் வழக்கு மன்றம், மாலையில் ஒத்திகை எனப் பல ஆண்டுகள் உழைத்தார். சேக்சுபியரின் நாடகங்களை அமலாதித்யன், மகபதி, வாணிபுர வணிகன் எனத் தமிழ் மேடைக்கு ஏற்பத் தழுவி அமைத்தார். மொத்தத்தில் அவர் எழுதிய நாடகங்கள் 90க்கும் மேற்பட்டவை.

அவருடைய நிலை கண்டு கற்றோர் பலர் துணிவுடன் சபையில் சேர்ந்தனர். நாட்டு விடுதலைக்கு உழைத்த சத்தியமூர்த்தி அவர்களும் அம்மேடையில் நடித்தவரே. பெண் வேடங்களில் சிறந்து விளங்கிய இரங்கவடிவேலு நெடுங்காலம் சம்பந்தனாருக்கு இணையாக நடித்தார். அந்நண்பரின் மறைவு அவரை மிகவும் வருத்தியது. மேடையில் ஒருவரின் வெற்றி உடன் நடிப்பவரையும் சார்ந்தது என்பதற்கு இந்நட்பு சான்றாகும்.

நிறையும் குறையும்

ஒருவரைப் போற்றும்போது வரம்பையும் கூறுதல் ஆய்வுநெறி. சுகுண விலாச சபை பெரிதும் கற்றோரும் வசதி உடையோரும் கூடிய அவையாகவே விளங்கியது. பிழைப்புக்கு வேறு தொழில் உடையவர்க்கே, ஊதியம் கருதாது நடிப்பது எளிது. ஊர் ஊராய்ச் சென்று நாடகமே வாழ்வென இருந்த ஏழைக் கலைஞர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. சம்பந்தனார் பெற்ற மதிப்பில் ஒரு பகுதி அவருடைய கல்விக்கும் பதவிக்கும் உரியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மதிப்பைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, நடிப்புத் தொழிலுக்கே அவர் ஈட்டித் தந்தார். கூத்தாடி என்ற இழிசொல்லின் வலிமை குறைந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இளைஞர்க்கு விட்டுச் சென்றவை

தம் அனுபவங்களை நாடக மேடை நினைவுகள் என்ற பெயரில் ஆறு பாகங்களாக எழுதினார். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று வினாவையே தலைப்பாகக் கொண்ட நூல் ஒன்றையும் தந்தார். வழிகாட்ட ஆளின்றித் தொடங்கிய ஒருவர், தம் பின்வருவோர் அவ்வாறு அல்லலுறலாகாது என்று எண்ணியதன் பயனாகவே இந்நூல்களை நாம் காண்கிறோம். 1959இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்து அவரைச் சிறப்பித்தது. 1964இல் அவர் மறைந்தார்.

முடிவுரை

சம்பந்தனார் வாழ்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. வாய்ப்பு வரும்வரை காத்திராமல், ஒத்த உள்ளம் உடையோரைக் கூட்டித் தமக்கென ஒரு மேடை அமைத்தார் என்பது ஒன்று. தம்மிடம் இல்லாததற்கு வருந்தாமல் இருப்பதைக் கொண்டு ஒரு நெறி கண்டார் என்பது மற்றொன்று. கலையில் ஈடுபட்டபோதும் கல்வியையும் வருவாய்க்குரிய தொழிலையும் விடவில்லை என்பது மூன்றாவது.

நம் கல்லூரி மாணவர் பலரிடம் நடிப்பார்வம் மிகுந்திருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் அன்றாட உழைப்பால் வாழும் குடும்பத்தினர். அவர்களிடம் எல்லாவற்றையும் துறந்து திரைத்துறை நோக்கி ஓடுக என்று கூறுதல் பொறுப்பாகாது. அவ்வாசையே தகாது என்று தடுத்தலும் முறையாகாது. ஆண்டுவிழாவிற்கு ஒரு நாடகம் எழுதுங்கள். நான்கு நண்பர்களைக் கூட்டுங்கள். வகுப்பு முடிந்தபின் மாலையில் ஒத்திகை பாருங்கள். சம்பந்தனார் தொடங்கியதும் இவ்வளவில்தான்.