ரஃபேல் வரைந்த திருக்குழந்தை

இத்தாலியின் ஊர்பினோ நகரில் 1483ஆம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் ரஃபேல். தந்தை ஜொவான்னி சான்தியும் ஓவியரே. எட்டு வயதில் தாயையும் பதினொன்றில் தந்தையையும் இழந்த ரஃபேலே பின்னாளில் அன்னையும் மகவும் என்னும் பொருளைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டார்.

பழைய பைசாந்தியப் படங்களில் குழந்தை இயேசு, உருவம் சிறுத்த பெரியவராகவே காட்சி தருவார். அவ்வழக்கு ரஃபேலுக்கு முன்பே தளர்ந்துவிட்டது. 1504இல் ஃபிளாரன்சு சென்ற அவர், லியொனார்தோவின் படைப்புகளைக் கண்டு கற்று, குழவியின் தளர்நடையையும் கொழுவிய உடலையும் இயல்பாகத் தீட்டினார். ஆயினும் அக்குழந்தை வெறும் வீட்டுக் குழந்தை அன்று. நண்பர் லொரென்சோ நாசியின் திருமணத்திற்காக வரைந்த ஓவியத்தில், சிறுவன் யோவான் நீட்டும் சிறு பறவையை இயேசு வருடுகிறார். முட்செடிகளிடையே இரைதேடும் அப்பறவை வரவிருக்கும் முள்முடியின் குறி. மணப்பரிசில் மரணத்தின் நிழல்!

1512இல் திருத்தந்தை இரண்டாம் ஜூலியசு பியாசென்சா நகரின் புனித சிக்ஸ்துசு ஆலயத்திற்காக வரையச்செய்த ஓவியம் இன்று திரெசுடனில் உள்ளது. அதன் அடியில் கையூன்றிய வானதூதர் இருவரை வாழ்த்து அட்டைகள் உலகறியச் செய்துவிட்டன. மேலே அன்னையின் கையிலுள்ள குழந்தையின் மருண்ட விழிகளை நோக்குவார் சிலரே. எதிரே இருந்த சிலுவையைக் கண்ட மருட்சி அது என்பர் ஆய்வாளர் சிலர். அக்கருத்து பொருந்துவதாகவே தோன்றுகிறது.

1520 ஏப்ரல் 6, புனித வெள்ளியன்று, 37 வயதில் ரஃபேல் மறைந்தார். உரோமின் பாந்தியனில் உள்ள அவர் கல்லறைமீது, அவர் விரும்பியவாறே, மகவேந்திய மரியன்னையின் சிலை நிற்கிறது.