பெருமாளையே ஊரை விட்டுக் கிளப்பிய பாட்டு

பயணப் பாட்டுன்னா சினிமாதான் ஞாபகம் வருதா? திருமழிசை ஆழ்வார் கதையைக் கேளுங்க. பூந்தமல்லி பக்கத்துத் திருமழிசையில் பிறந்து, பிரம்பு அறுப்பவர் வீட்டில் வளர்ந்தவர். கடைசிக் காலம் கும்பகோணத்தில். நடுவில் நம்ம காஞ்சி, திருவெஃகா.

தன்னைப் பாடச் சொன்ன பல்லவ மன்னனிடம் சீடர் கணிகண்ணன் முடியாதுன்னுட்டார். ஊரை விட்டே போகச் சொன்னான் மன்னன். சீடன் இல்லாத ஊரில் ஆழ்வார் இருப்பாரா? பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கிட்டு வரச் சொல்லிப் பாடினார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிக்கையாம். (பஸ்ல தாண்டிப் போறோமே, அதேதான்!) மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டதும், திரும்பிவந்து பாயை விரிக்கச் சொல்லி இன்னொரு பாட்டு. வந்தவர் பக்கம் மாறிப் படுத்துட்டார். திருவெஃகாவில் இன்னிக்கும் அப்படியேதான். பேரே, சொன்னவண்ணம் செய்த பெருமாள்.