கல்லின் வயதும் கலாயோகியும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் எங்களுக்கு நடராசர் சிலைதான் நினைவுக்கு வரும். அவர் முதலில் கல் ஆராய்ந்தவர்.

1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். இரண்டு வயதில் தந்தையை இழந்து, எங்கள் பிள்ளைகள் பலரைப் போல இங்கிலாந்திலேயே வளர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார்.

பிறகு இலங்கைக் கனிய ஆய்வின் முதற் பணிப்பாளரானார். தீவில் கண்ட புதுக் கனியம் ஒன்றுக்கு, பிரையர் என்பவருடன் சேர்ந்து, செரண்டிப் என்ற பழைய பெயரால் செரண்டிபைற் என்று பெயரிட்டார். 1904இல் கிடைத்த கறுப்புக் கல்லை யுரேனியக் கனியம் என்றே எண்ணினார். லண்டனில் டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோது அதில் தோரியமே மிகுதி. பெயர் தோரியனைற் ஆயிற்று. கண்டெடுத்தவரின் பெயர் அதில் இல்லை.

அந்தக் கல்லை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்ரட் ஆராய்ந்தார். தோரியமும் யுரேனியமும் சிதையச் சிதைய ஹீலியம் சேரும். வட்டி வீதமும் சேர்ந்த வட்டியும் தெரிந்தால் வைப்பிட்ட நாளைச் சொல்லிவிடலாம். கணக்காளனான எனக்கு இது அப்படித்தான் விளங்குகிறது. கசிந்துபோன ஹீலியம் கணக்கில் வராது, ஆகவே கிடைப்பது குறைந்தபட்ச வயதே. அதுவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் வந்தது. கெல்வின் பிரபு முழுப் பூமிக்குமே 2 முதல் 4 கோடி ஆண்டுகள்தான் கொடுத்திருந்தார்! இன்று படிவுப் பாறைகளுக்கிடையே கிடக்கும் எரிமலைச் சாம்பலின் வயதையும் கதிரியக்கச் சிதைவைக் கொண்டே கணிக்கிறார்கள்.

குமாரசுவாமியோ அதற்குள் கலைப் பக்கம் திரும்பிவிட்டார். 1947இல் அமெரிக்காவில் காலமானார்.