கார்ல் சைஃபர்ட்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் கார்ல் சைஃபர்ட். மருத்துவராகும் எண்ணத்துடன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இவரது மனத்தை, வானியலறிஞர் பார்ட் போக் ஆற்றிய விரிவுரைகள் மாற்றின. 1936இல் வானியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

1940இல் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வான்காணகத்தில் ஆய்வைத் தொடங்கினார். விண்மீன் மண்டலங்கள் சிலவற்றின் மையம் மட்டும் தனியொரு விண்மீனைப் போலப் பளிச்சிட்டது. அவ்வொளியை நிறமாலையாகப் பிரித்தபோது, மெல்லியனவாக இருக்க வேண்டிய கோடுகள் அகன்று விரிந்திருந்தன. மையத்திலுள்ள வாயு வெவ்வேறு திசைகளில் பெருவேகத்துடன் பாய்ந்தால்தான் கோடுகள் அவ்வாறு அகலும். சில மண்டலங்களில் அந்த அகலம் நொடிக்கு 8,500 கிலோமீட்டர் வரையிலான வேக வேறுபாட்டைக் காட்டியது. இத்தகைய மண்டலம் ஒன்றைப் பிறர் முன்பே கண்டிருந்தனர். ஆயினும், இவை ஒரு தனி வகை என்று உணர்ந்து தொகுத்தவர் சைஃபர்ட்தான்.

1943இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அது போர்க்காலம். கட்டுரையைப் பொருட்படுத்தியவர் சிலரே. அவரும் அப்போது கிளீவ்லாந்தில், விண்மீன்களைக் கொண்டு வழியறியும் கலையைப் படைவீரர்களுக்குக் கற்பித்துக் கொண்டிருந்தார்.

1946இல் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். அங்கிருந்தது 6 அங்குலத் தொலைநோக்கி. மவுண்ட் வில்சனில் பணியாற்றியவருக்கு அது எம்மாத்திரம்! சைஃபர்ட் சோர்ந்துவிடவில்லை. ஊர் வணிகர்களை அணுகி நிதியும் கட்டுமானப் பொருள்களும் திரட்டினார். 1953இல் 24 அங்குலத் தொலைநோக்கியுடன் புதிய வான்காணகம் எழுந்தது. இதற்கிடையே, 1951இல், நெருங்கி நிற்கும் ஆறு மண்டலங்களின் கூட்டம் ஒன்றையும் அறிவித்தார். அது ‘சைஃபர்ட் அறுவர்’ எனப் பெயர்பெற்றது.

1960 ஜூன் 13ஆம் நாள் சாலை விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 49.

மூன்றாண்டுகளுக்குப் பின், குவேசர்கள் எனும் பேரொளிப் பொருள்களின் தொலைவு தெரியவந்தது. அறிஞர்களின் பார்வை சைஃபர்ட்டின் பழைய கட்டுரையின்பால் திரும்பியது. விண்வெளியிலிருந்து வரும் ஊடுகதிர்களைப் புவியின் வளிமண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றைக் காணச் செயற்கைக்கோள் தேவை. 1970இல் கென்யக் கடற்கரையருகே இருந்து ஏவப்பட்ட ‘உஹுரு’, சைஃபர்ட் ஆராய்ந்த என்ஜிசி 4151 மண்டலத்திலிருந்து ஊடுகதிர்கள் வருவதைக் கண்டறிந்தது. அம்மையங்களில் மாபெரும் கருந்துளைகள் இருப்பதும், அவற்றை நோக்கி விழும் வாயு கடுமையாகச் சூடேறுவதும் பின்னர்த் தெளிவாயின. தூசு மறைத்த மையங்களையும் வலிமைமிக்க ஊடுகதிர்கள் காட்டிக்கொடுக்கின்றன.

அந்த அறுவருள் நான்கு மட்டுமே ஒன்றையொன்று ஈர்க்கும் மண்டலங்கள். ஐந்தாவது, வெகுதொலைவில் பின்னால் இருப்பது. ஆறாவது, ஈர்ப்பால் பிய்த்தெறியப்பட்ட விண்மீன்களின் திரள். இத்தகைய ஈர்ப்பு, வாயுவை மையத்திற்குத் தள்ளிக் கருந்துளைக்கு இரையாக்குகிறதா என்பதை ஊடுகதிர்த் தொலைநோக்கிகளின் துணையோடு இன்றும் ஆராய்கின்றனர்.

நிலவின் மறுபக்கத்திலுள்ள ஒரு பள்ளத்திற்குச் சைஃபர்ட்டின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.