ஃபூரியே: தையற்காரர் மகனும் சினிமா டிஸ்க்கும்

கணக்குப் பாடத்தில் ஃபூரியே சீரிஸ் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். அந்த மனுஷன் பட்ட பாட்டைத் தெரிஞ்சுக்கிட்டா அவர்மேல் கோபம் கொஞ்சம் குறையும், நண்பர்களே!

ஜோசப் ஃபூரியே 1768 மார்ச் 21-ல் பிரான்சின் ஓசேர் என்ற ஊரில் ஒரு தையற்காரருக்கு மகனாகப் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்கள். பீரங்கிப் படையில் சேர ஆசை. பிரபு வம்சமில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். சாமியாராக மடத்தில் சேர்ந்தார், 1789-ல் அதையும் விட்டார். புரட்சியில் இறங்கி 1794-ல் ஜெயில். ரோபஸ்பியரின் தலை உருண்ட பிறகே விடுதலை. அடுத்த வருஷம் பாரிஸ் எகோல் பாலிடெக்னிக்கில் வாத்தியார்! (பேர்தான் பாலிடெக்னிக். அங்கே லக்ராஞ்ச் மாதிரி ஜாம்பவான்கள் பாடம் நடத்தினார்கள்.) 1798-ல் நெப்போலியனோடு எகிப்து. திரும்பியதும் கிரெனோபிளில் நம்ம கலெக்டர் மாதிரி உத்தியோகம். சதுப்பு நிலத்தை வற்றவைப்பது, ரோடு போடுவது என்று ஆயிரம் வேலை. அதற்கு நடுவில்தான் பொருள்களில் சூடு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார்.

எந்த வளைகோட்டையும் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1807-ல் கட்டுரை கொடுத்தார். லக்ராஞ்ச் ஒத்துக்கவே இல்லை. 1811-ல் திருத்திக் கொடுத்தார். பரிசு கிடைத்தது, கூடவே நிரூபணம் போதாது என்று ஒரு குட்டும் விழுந்தது. புத்தகமாக வர 1822 ஆச்சு. பதினைந்து வருஷம்! ஒரு அரியர் விழுந்தாலே நாம் படிப்பை வெறுத்துவிடுகிறோம். குட்டிலும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லியாகணும்: எந்த நிபந்தனையில் இது சரிவரும் என்று டிரிஷ்லே காட்டியது 1829-ல்தான். மறு வருஷம் மே 16-ல் ஃபூரியே காலமானார்.

1974-ல் நசீர் அகமது (பெங்களூரில் பிறந்தவர்), நடராஜன், ராவ் மூவரும் இதே வழியில் டி.சி.டி. என்ற கொசைன் கணக்கை வெளியிட்டார்கள். ஹை டெபினிஷன் படம் 1920-க்கு 1080 புள்ளி, வினாடிக்கு 24 ஃப்ரேம். நிறத் தகவலைக் கால்வாசியாக்கிய பிறகும் இரண்டு மணி நேரத்துக்குச் சுமார் 537 ஜி.பி. வரும். 2006-ல் வந்த ப்ளூ-ரே டிஸ்க்கில் இரண்டு அடுக்கு சேர்த்தும் 50 ஜி.பி.தான். எப்படி அடைப்பது? ஃப்ரேமைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி, ஒவ்வொன்றையும் கொசைன் அலைகளாகப் பிரிக்கிறார்கள். மெதுவான அலைகளில்தான் சரக்கு இருக்கும்; வேகமான அலைகள் பெரும்பாலும் சைபருக்குப் பக்கம், அவற்றைச் சைபராகவே ஆக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. எம்பெக்-2 செய்வது இதுதான், எச்.264 இதையே முழு எண்ணில் செய்கிறது. முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறியதை மட்டும் எழுதும் வித்தையும் சேர்ந்தால், முழுப் படமும் ரெண்டு மூணு மொழி டப்பிங்கோடு அந்த 50 ஜி.பி.க்குள் உட்கார்ந்துவிடுகிறது.