இலவச கரண்டுக்குப் பின்னால் ஒரு விவசாயி: யார் இந்த நாராயணசாமி நாயுடு?

தேர்தல் வந்தால் கொங்கு மண்டலத்தில் எல்லாக் கட்சிகளும் தவறாமல் பேசும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, விவசாயத்துக்கு இலவச மின்சாரம். இன்னொன்று, கூட்டுறவுக் கடன் தள்ளுபடி. இந்த இரண்டையும் ஓட்டு அரசியலுக்குள் கொண்டு வந்ததில் முக்கியமானவர் கோவை மாவட்டம் வையம்பாளையத்தைச் சேர்ந்த சி.நாராயணசாமி நாயுடு. ஆனால் அவரே தொடங்கிய கட்சி தேர்தலில் எடுபடவில்லை. அது ஏன்?

கரண்ட் பில் ஏன் பெரிய பிரச்சினை ஆனது?

நாராயணசாமி நாயுடு பிறந்தது 1925 பிப்ரவரி 6-ல். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் கோவை வட்டாரத்தில் மழை குறைவு. காவிரி டெல்டா போல வாய்க்கால் பாசனமும் எல்லா ஊருக்கும் கிடையாது. கிணற்றை நம்பித்தான் வெள்ளாமை. ஒரு காலத்தில் மாடு கட்டி கவலை இறைத்தார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மோட்டார் பம்புசெட் அந்த இடத்தைப் பிடித்தது. கிணறு ஆழமாக ஆக, மோட்டாரும் பெரிதானது, பில்லும் ஏறியது. கிணறு வெட்டவும் மோட்டார் வாங்கவும் கடன் வேறு. அதனால் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏறினாலும் அது குடும்பத்தின் வரவு செலவையே புரட்டிப் போட்டது.

1970, 1972: தெருவுக்கு வந்த விவசாயிகள்

1970-ல் விவசாய மின்சாரம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. நாயுடு தலைமையில் கோவை மாவட்ட விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜூன் 19-ம் தேதி திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 3 விவசாயிகள் உயிரிழந்தனர். அதன் பிறகு கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கப்பட்டது.

1972-ல் மறுபடியும் கட்டண உயர்வு. இந்த முறை விவசாயிகள் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளை ஓட்டி வந்து கோவை நகரின் சாலைகளை நிறைத்தார்கள். நகரமே ஸ்தம்பித்தது. ஜூலை 5-ல் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் 15 பேர் பலியானார்கள். அந்த நாளைத்தான் விவசாய சங்கங்கள் இன்றும் உழவர் தினமாக அனுசரிக்கின்றன.

1973-ல் தமிழக விவசாயிகள் சங்கம் மாநில அளவில் உருவானது. தலைவர் நாயுடு. பச்சைத் துண்டு அதன் அடையாளமானது. 1977-ல் எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்த பிறகும் போராட்டம் ஓயவில்லை. மின் கட்டணத்தோடு கடன் பாக்கி, ஜப்தி, விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை எனக் கோரிக்கைகள் விரிந்தன. மகாராஷ்டிராவில் ஷரத் ஜோஷி, கர்நாடகாவில் நஞ்சுண்டசாமி என அடுத்தடுத்து விவசாயத் தலைவர்கள் எழுந்த காலமும் அதுதான்.

கட்சி ஏன் எடுபடவில்லை?

1982-ல் நாயுடு சங்கத்தைத் தாண்டி அரசியல் கட்சி தொடங்கினார். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஓட்டுப் போடவில்லை. இதற்குக் காரணங்கள் உண்டு. மின் கட்டணப் போராட்டத்தில் பச்சைத் துண்டு போட்டவரே, ஓட்டுச்சாவடியில் தி.மு.க., அ.தி.மு.க. அல்லது காங்கிரஸ்காரராக இருந்தார். சாதியும் சின்னமும் அங்கே பேசின. கிணறும் மோட்டாரும் இருந்தவருக்குக் கரண்ட் பில் பிரச்சினை. நிலமே இல்லாத கூலித் தொழிலாளிக்கோ அன்றாடக் கூலி பிரச்சினை. இரண்டு பேரையும் ஒரே கொடிக்குக் கீழே நிறுத்துவது லேசான காரியம் இல்லை.

1984 டிசம்பர் 24-ல் தேர்தல். அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 21-ல், பிரசாரத்துக்காகச் சென்ற இடத்தில், கோவில்பட்டியில் நாயுடு மாரடைப்பால் காலமானார். வயது 59.

தோற்றவரின் கோரிக்கை ஜெயித்தது

கட்சி தோற்றாலும் கோரிக்கையை மற்ற கட்சிகள் கைவிடவில்லை. விவசாயிகள் தனிக் கட்சிக்கு ஓட்டுப் போடாவிட்டாலும், கோபம் வந்தால் இருக்கும் கட்சியை மாற்றிப் போடுவார்கள் என்று இரு பெரிய கட்சிகளுக்கும் தெரிந்திருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. 1990-ல் கருணாநிதி ஆட்சியில் அது எல்லா விவசாயிகளுக்கும் விரிவானது. 2006-ல் தி.மு.க. அரசு கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. 2021 தேர்தலுக்கு முன் எடப்பாடி பழனிசாமி அரசு 12,110 கோடி ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்தது. வையம்பாளையத்தில் நாயுடுவுக்கு அரசே மணிமண்டபமும் கட்டியிருக்கிறது.

அதே சமயம் அவர் எழுப்பிய ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. கரண்ட் இலவசம்தான், ஆனால் கிணற்றில் தண்ணீர் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. மஞ்சளுக்கும் தக்காளிக்கும் கட்டுப்படியான விலை கிடைக்குமா என்பது ஒவ்வொரு அறுவடையிலும் சந்தேகம். தள்ளுபடியும் இலவசமும் வாக்குறுதிப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டன. விலை மட்டும் இன்னும் சந்தையின் கையில்தான் இருக்கிறது.