கொள்ளைநோய்க் கதையில் விடுபட்ட நியூற்றன்

சாவகச்சேரியில் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு நியூற்றன் என்றால் மூன்று விதிகள். பௌதிகவியலிலும் இணைந்த கணிதத்திலும் அவற்றைத் தாண்டாமல் பல்கலைக்கழகம் போக முடியாது. அந்த மனிதரைப் பற்றிப் பிள்ளைகள் அறிந்தது ஒரே ஒரு கதைதான்: கொள்ளைநோயால் பல்கலைக்கழகம் மூடப்பட்டது, அவர் வீட்டுக்குப் போனார், அப்பிள் விழுந்தது, விஞ்ஞானம் மாறியது.

இடம்பெயர்ந்து படித்த காலத்தில் எங்களுக்கும் இந்தக் கதையைச் சொன்னார்கள். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது அது மறுபடியும் சமூக ஊடகங்களில் சுற்றிவந்தது. கெட்டிக்காரப் பிள்ளையை எந்த அழிவும் தடுக்காது என்பதுதான் அதன் சாரம். ஆறுதல் சொல்லத்தான் சொன்னார்கள். ஆனால் நியூற்றனின் வாழ்க்கையை முழுதாகப் பார்க்கும்போது அது வேறொன்றைச் சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

அன்றைய இங்கிலாந்து நாட்காட்டியின்படி 1642 டிசம்பர் 25இல், லிங்கன்ஷயரின் வூல்ஸ்தோர்ப் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். குறைமாதக் குழந்தை, பிழைக்காது என்று நினைத்தார்கள். தன் பெயரை எழுதத் தெரியாத கமக்காரரான தகப்பன் மூன்று மாதங்களுக்கு முன்பே இறந்திருந்தார். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகுமுன்னரே, அயல் நகரான கிரான்தமுக்கு அருகில் இரு தரப்புக் குதிரைப்படைகளும் மோதிக்கொண்டன.

அவருக்கு மூன்று வயதானபோது தாய் ஹன்னா மறுமணம் செய்து வேறூருக்குப் போனார். ஏழு ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளை அம்மம்மாவிடம் வளர்ந்தது. பத்தொன்பது வயதில் தன் பாவங்களைப் பட்டியலிட்ட நியூற்றன், தாயையும் சிறியதந்தையையும் வீட்டோடு எரிப்பதாக மிரட்டியதையும் அதில் எழுதிவைத்தார். சிறுவயதுப் பிரிவு எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்று எங்கள் ஊர்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பதினாறு பதினேழு வயதில் தாய் அவரைப் பாடசாலையிலிருந்து மறித்துக் கமம் பார்க்க விட்டார். அது சரிவரவில்லை. ஆடுகளும் பன்றிகளும் அயலவர் வயலுக்குள் போனதற்காக 1659இல் அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. மீட்டெடுத்தவர்கள் இருவர். தாய்மாமன் வில்லியம் அய்ஸ்கோ தாயோடு பேசினார். தலைமையாசிரியர் ஹென்றி ஸ்ரோக்ஸ் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார். 1661இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரினிற்றிக் கல்லூரிக்குள், வசதியான மாணவர்களுக்குப் பணிவிடை செய்து படிக்கும் தரத்தில் அவர் நுழைந்தார்.

1665இல் கொள்ளைநோய் வந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பியது உண்மை. அங்கே நுண்கணிதத்திலும் ஒளியிலும் இயக்கத்திலும் பெரும் வேலை செய்ததும் உண்மை. ஆனால் பட்டம் ஏற்கனவே கையில் இருந்தது. போன இடத்தில் கல்வீடும் காணியும் வருமானமும் இருந்தன. சிறியதந்தை விட்டுச்சென்ற, பெரும்பகுதி வெறுமையான தடித்த கொப்பி ஒன்றில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார். 1667இல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபோது அது நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டே ஆண்டுகளில் கணிதப் பேராசிரியரானார்.

எங்கள் கதை அப்படியல்ல. 1995 ஒக்டோபர் 30இல் கொட்டும் மழைக்குள் வலிகாமம் முழுதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தது. 2000இல் தென்மராட்சியே சண்டைக்களமானது. திரும்பி வந்தபோது சாவகச்சேரி நகரம் இடிபாடாகக் கிடந்தது. கொப்பியும் இல்லை, அதை வைக்க வீடும் இல்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் மூன்று விதிகளும் முழுமை பெற்றுவிடவில்லை. நிலவைப் பற்றிய கணிப்பையும் அவர் முடிக்காமல் வைத்துவிட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1684 ஓகஸ்டில் எட்மண்ட் ஹலி கேம்பிரிட்ஜுக்கு வந்து, கோள்கள் எந்தப் பாதையில் சுற்ற வேண்டும் என்று கேட்டார். நீள்வட்டம் என்றார் நியூற்றன். கணித்த தாளைத் தேடியும் கிடைக்கவில்லை. திரும்ப எழுதி அனுப்புவதாக ஒப்புக்கொண்டு தொடங்கிய வேலைதான் 1687இல் ‘பிரின்சிப்பியா’ ஆனது. அரச கழகம் தன் பணத்தை மீன்களைப் பற்றிய நூலொன்றில் செலவழித்திருந்ததால், அச்சுச் செலவை ஹலி தன் கையிலிருந்து கொடுத்தார்.

அந்த நூலின் தொடக்கத்தில்தான் மூன்று விதிகளும் வருகின்றன. வெளிவிசை தாக்காதவரை ஓய்விலுள்ளது ஓய்விலும், இயங்குவது நேர்கோட்டில் சீராகவும் இருக்கும் என்பது முதலாவது. யாழ்ப்பாணம் போகும் பஸ் சடுதியாகப் பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சரிகிறார்கள். அவர்களை யாரும் தள்ளவில்லை. கால் பஸ்ஸோடு நிற்க, உடல் முந்திய வேகத்திலேயே போகிறது.

இரண்டாவதை விசை என்பது திணிவு தர ஆர்முடுகல் என்று படிக்கிறோம். 10 கிலோ தண்ணீர் வாளியைக் கிணற்றிலிருந்து சீரான வேகத்தில் இழுத்தால், ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று கொள்ள, கயிற்றின் இழுவை 100 நியூற்றன். அதையே 10 மீற்றர் ஆர்முடுகல் வரும்படி சுண்டி இழுத்தால் 200. இத்துப்போன கயிறு அறுவது அங்கேதான். 1995இல் மூட்டையும் பிள்ளையும் ஏற்றிய சைக்கிளைத் தள்ளியவர்களுக்கும் இது தெரியும். நின்றதை நகர்த்துவதும் கடினம், உருளத் தொடங்கியதை நிறுத்துவதும் கடினம்.

மூன்றாவது, தாக்கமும் மறுதாக்கமும். கல்லை விரல் அழுத்தினால் கல்லும் விரலை அழுத்துகிறது என்று நியூற்றனே உதாரணம் காட்டினார். கிளாலிக் கடல்நீரேரியில் இருட்டுக்குள் படகிலிருந்து கரைக்குப் பாய்ந்தவர்களுக்கு, பாயும் கணத்தில் படகு பின்னால் போனது நினைவிருக்கும். நடப்பதும் இதே விதிதான். கால் நிலத்தைப் பின்னே தள்ள, நிலம் உராய்வால் எங்களை முன்னே தள்ளுகிறது. செயற்கைக் காலோடு ஈரமணலில் நடப்பவர் இதை ஒவ்வொரு அடியிலும் உணர்கிறார்.

எறியக் கணக்கில், எறியப்பட்ட பொருள் எங்கே விழும் என்று கேட்பார்கள். ஷெல் குத்தும் சத்தம் கேட்டதும் அது விழும்வரை பங்கருக்குள் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது கணக்காக மட்டும் இருக்கவில்லை.

நியூற்றனைத் தெய்வமாக்கவும் தேவையில்லை. லைப்னிற்ஸுடனான தகராறில் அரச கழகத்தின் தலைவராக இருந்துகொண்டே, நடுநிலை விசாரணை என்ற பெயரில் வந்த அறிக்கையைத் தானே எழுதினார். நாணயச்சாலைப் பொறுப்பில் கள்ளநாணயக்காரரைத் தூக்குமேடை வரை துரத்தினார். 1727இல் 84 வயதில் இறந்து, வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் நிற்கிறார்: அம்மம்மா, தாய்மாமன், தலைமையாசிரியர், ஹலி. போரோ நோயோ அவரை ஆக்கவில்லை. அவை வந்தபோது இந்த மனிதர்களும், திரும்பிப் போக ஓர் இடமும் இருந்தன.

என் வயதினரில் பலர் உயர்தரத்தைப் பாதியில் விட்டவர்கள். தாங்கள் கெட்டிக்காரர் இல்லை என்றே இன்றும் நினைக்கிறார்கள். கொள்ளைநோய்க் கதை அந்த எண்ணத்தைத்தான் உறுதிசெய்கிறது. நியூற்றனால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை என்று அது கேட்காமல் கேட்கிறது.

வகுப்பில் இக்கதையை இனிச் சொல்பவர்கள் ஸ்ரோக்ஸ் விட்டுக்கொடுத்த கட்டணத்தையும் ஹலி கொடுத்த அச்சுச் செலவையும் சேர்த்துச் சொல்லட்டும். இன்றும் பிள்ளையை மறித்து வேலைக்கு அனுப்ப யோசிக்கும் வீடுகள் தென்மராட்சியில் இருக்கின்றன. அந்த வீட்டுக்குப் போய் ஒருமுறை பேச ஒரு மாமனோ ஒரு ஆசிரியரோ போதும்.